ஜெயிக்காதவர்களின் பந்தயம்

ஜெயிக்கமாட்டோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் ஒருவன் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாது என்று சொல்கிறவர்கள் நம்மில் அதிகம். "முடியாத காரியத்தில் தலையிட்டு நாலு பேர் சிரிக்கும்படி ஏன் நிற்க வேண்டும்?" என்பது அவர்கள் கட்சி. கொடுக்கலாம் என்கிறவர்களும் உண்டு. "வெற்றி தோல்வி முக்கியமல்ல, கலந்துகொண்டதுதான் முக்கியம்" என்று பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமை வகிக்கிறவர் பேசுவாரே, அது அவர்கள் கட்சி. பேசி முடித்த கையோடு, முதல் பரிசு வாங்கிய பையனை மட்டும் பக்கத்தில் நிறுத்திவைத்து அவர் போட்டோ எடுத்துக்கொள்வார்.

எனக்கு இரண்டு கட்சியிலும் சம்மதம் இல்லை. முதல் கட்சி பயத்துக்குக் கௌரவம் என்று பேர் சூட்டுகிறது. இரண்டாவது கட்சி பந்தயத்தையே பொய்யாக்கிவிடுகிறது. வெற்றி ஒரு பொருட்டே அல்ல என்றால் நடுவர் எதற்கு, எண்ணிக்கை எதற்கு? ஆனால், கேள்வி என்னவோ நிஜமான கேள்வி. நம்மில் பெரும்பாலோர் எந்தத் துறையிலும் முதலாவதாக வரப்போவதில்லை. முதலாவதாக வராதவர்கள் எல்லாரும் ஆட்டத்தை விட்டு விலகிவிட வேண்டுமென்றால், உலகத்தில் பத்துப் பேர் ஆடுவார்கள். மற்ற அத்தனை பேரும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இதை நான் யோசிக்கும்படி செய்தவர் என் பழைய நண்பர் ஒருவர். அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலத்தில், பல வருஷங்களாக உத்தியோகம் பார்க்கிறார். பரம சாது. சின்ன வயசில் திருவிழாவில் பலூன் சுடுகிற கடைப் பக்கம்கூட ஒதுங்காதவர். அப்பேர்ப்பட்டவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, களிமண் தட்டுச் சுடும் பந்தயங்களுக்குப் போய் வருகிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கு வந்திருந்த சமயம் கேட்டுவிட்டேன்.

"ஏதாவது பரிசு வாங்கியிருக்கிறாயா?"

"ஒன்றுகூட இல்லையப்பா. நூற்றுக்கு எழுபது, எழுபத்திரண்டு அடிப்பேன். ஜெயிக்கிறவன் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது அடிப்பான்."

"பிறகு எதற்குப் போகிறாய்?"

"சிநேகிதர்கள் எல்லாரும் வருவார்கள். பொழுது சந்தோஷமாகப் போகும்."

"அதற்கு ஒரு காப்பி ஓட்டல் போதாதா? துப்பாக்கி எதற்கு?"

அவர் சிரித்தார். "காப்பி ஓட்டலில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணியில் பேச்சுத் தீர்ந்துவிடும். அங்கே நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம்" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டத்தின் விவரங்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு அல்ல. உள்ளங்கையை விடச் சற்றே அகலமான, சுமார் 100 கிராம் எடையுள்ள வட்டமான வில்லை. களிமண் தட்டு என்பது பழைய பேர். இப்போது சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள். தரையோடு பதிந்தாற்போன்ற ஒரு சின்ன அறைக்குள் இயந்திரம் இருக்கும். அதற்கு 16 கஜம் பின்னால், பிறை வடிவத்தில் ஐந்து பேர் நிற்பார்கள். முறை வந்ததும் ஒருவர் குரல் கொடுப்பார். உடனே தட்டு ஒன்று மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிப் பறக்கும். இடப்பக்கம் போகுமா, வலப்பக்கம் போகுமா என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா. தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள். கண்ணுக்குத் தெரிகிற துண்டு ஒன்றாவது சிதறினால்தான் கணக்கு. வெறும் தூசி பறந்தால் பிரயோஜனமில்லை. அவர் சுட்டானதும் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று முறை சுற்றி வரும். ஐந்து தட்டு முடிந்ததும் எல்லாரும் ஓரிடம் மாறி நிற்பார்கள். இப்படி ஆளுக்கு 25 தட்டு சேர்ந்தது ஒரு சுற்று. நாலு சுற்று ஆடினால் நூறு.

குறி பட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை. தவறினால் மட்டும், எண்ணிக்கை எழுதுகிறவர் 'போயிற்று' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லை உரக்கச் சொல்வார். நூறில் முப்பது தடவை அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் போய் நிற்கிற மனிதர் என் நண்பர்.

இந்தத் தட்டுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. ஆதியில் அது உயிருள்ள புறாவாக இருந்தது. இங்கிலாந்தில் கனவான்கள் புறாக்களைச் சின்னப் பெட்டிகளில் அடைத்துவைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். இன்றைக்கும் இந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் பொறி என்று பொருள்படும் பேர் நிலைத்திருப்பது அதனால்தான். பிறகு 1870-களில் கண்ணாடி உருண்டைகளை வீசிச் சுட்டார்கள். அந்த உருண்டைக்குள் இறகை அடைத்து வைப்பதும் உண்டு. உடைந்தால் இறகு பறக்க வேண்டுமாம்! உயிரை விட்டபிறகும் உயிர் போகிற காட்சியை விட மனம் வரவில்லை. 1880-ல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீரின் மேல் சிறுவர்கள் சிப்பி எறிந்து தத்தவிடுவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை உதித்தது என்று சொல்வார்கள்.

மனிதன் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. 1900-ல் பாரிஸில் ஒலிம்பிக் நடந்த சமயத்தில்கூட உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்து, சுமார் 300 பறவைகள் மாண்டன. அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயமான 'கிராண்ட் அமெரிக்கன்' 1893-ல் புறாக்களோடுதான் தொடங்கியது. 1900-ல் தட்டுக்கும் இடம் கொடுத்தது. சில வருஷங்களில் தட்டே நிலைத்துவிட்டது. கொலையை எடுத்துவிட்டால் இந்த ஆட்டத்தில் ஒன்றுமே மிஞ்சாது என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்திருக்கக்கூடும். ஆனால் மிஞ்சியது. கண்ணும் கையும் ஒத்துழைக்கும் அந்த நொடி மிஞ்சியது. அது இன்றுவரை மனிதர்களை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டத்துக்கு உயிர்நாடி என்று நாம் நினைப்பது பல சமயங்களில் அதன் மேலே ஒட்டிக்கொண்ட அழுக்காக இருக்கிறது.

சரி, கொலையை எடுத்தாயிற்று. பக்கத்தில் நிற்பவனைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

இங்கேதான் நமக்கு அர்ஜுனன் நினைவு வருகிறது. மரத்து உச்சியில் துரோணர் ஒரு பறவையை வைத்தார். அதுவும் நிஜப் பறவை அல்ல, சிற்பிகளைக் கொண்டு செய்வித்த பொம்மை என்றுதான் வியாச பாரதம் சொல்கிறது. அந்த வகையில் லிகோவ்ஸ்கிக்கு அவர் முன்னோடி. என்ன தெரிகிறது என்று துரோணர் கேட்டபோது, மற்றவர்களுக்கு மரம் தெரிந்தது, சகோதரர்கள் தெரிந்தார்கள், குருவும் தெரிந்தார். அர்ஜுனனுக்குப் பறவையின் தலை மட்டும் தெரிந்தது. அவனே சிறந்தவன் என்று தீர்ப்பாயிற்று. குழந்தைகளுக்கு இந்தக் கதையை நாம் சொல்லாத நாள் இல்லை.

ஆனால் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு கதையும் அதே பாரதத்தில் இருக்கிறது. உனக்கு நிகரான வில்லாளி உலகத்தில் இருக்கமாட்டான் என்று துரோணர் அர்ஜுனனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காட்டிலே ஏகலைவன் என்ற வேடன் மகன் நிகராக வந்துவிட்டான். அர்ஜுனன் முகம் வாடியது. ஏகலைவனின் வலது கட்டைவிரல் தட்சிணையாகப் போயிற்று. பறவையைப் பார்க்கும்போது சகோதரர்களைக்கூடப் பார்க்காத கண், பக்கத்தில் இன்னொருவன் வளருவதை மட்டும் பார்த்துவிட்டது. குறியில் மனம் ஒன்றுவது ஒரு குணம். முதலிடத்தில் மனம் ஒன்றுவது வேறொரு குணம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

என் நண்பர் போகிற பந்தயங்களில் ஒரு பிரிவு இருக்கிறது. அதில், சாமர்த்தியம் ஏற ஏற ஆட்டக்காரன் பின்னுக்குத் தள்ளி நிறுத்தப்படுகிறான். சாதாரண ஆட்டத்தில் எல்லாருக்கும் 16 கஜம். இந்தப் பிரிவில் வல்லவர்கள் படிப்படியாக 27 கஜம் வரை பின்னால் போய்விடுவார்கள். ஒருவன் ஒரு நல்ல பந்தயத்தில் ஜெயித்தால், பரிசோடுகூட, அடுத்த முறை இன்னும் அரை கஜமோ ஒரு கஜமோ தள்ளி நிற்க வேண்டும் என்ற உத்தரவும் அவனுக்குக் கிடைக்கும். தட்டு அதற்குள் இன்னும் தூரம் போய்விடும், ரவை இன்னும் பரவிவிடும். கெட்டிக்காரனுக்கு வேலை கடினமாகிறது. புதியவனுக்கு நம்பிக்கை பிறக்கிறது. இருவர் பேரும் ஒரே பட்டியலில் ஏறுகிறது.

துரோணர் இந்த முறையை அறிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஏகலைவனின் விரலை வாங்குவதற்குப் பதிலாக, அர்ஜுனனைப் பார்த்து, "நீ சமர்த்தன், பத்தடி பின்னால் போய் நில்" என்று சொல்லியிருப்பார். விரலும் பிழைத்திருக்கும், அர்ஜுனனும் இன்னும் பெரிய வில்லாளி ஆகியிருப்பான்.

சமத்துவத்துக்கு இரண்டு வழி உண்டு. பின்தங்கியவனை மேலும் ஒடித்து, முன்னால் நிற்பவன் நிம்மதியாக இருக்கலாம். அல்லது முன்னால் நிற்பவன் ஓரடி பின்வாங்கி, மற்றவனுக்கு இடம் கொடுக்கலாம். பின்வாங்குகிறவனுக்கு நஷ்டமில்லை என்பதை அந்த மைதானத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். 27 கஜத்தில் நிற்பதைத்தான் அவர்கள் பெரிய கௌரவமாக நினைக்கிறார்களாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் ஆட்டம் பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும், கடிகார முகத்தைப் போல வட்டமாக நின்று நாலா பக்கமும் சுடும் ஓர் ஆட்டத்தை நடத்தி வந்தார்கள். 1923-ல் அடுத்த நிலத்துக்காரர் கோழிப் பண்ணை வைத்துவிட்டார். ரவை அங்கே போய் விழும். அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. வட்டத்தைப் பாதியாக வெட்டி, எதிர்ப்பக்கம் இன்னோர் இயந்திரத்தை வைத்துக்கொண்டார்கள். 1926-ல் ஒரு பத்திரிகை 100 டாலர் பரிசு வைத்து அதற்குப் பேர் தேடியது. இன்று 'ஸ்கீட்' என்ற பேரில் ஒலிம்பிக்கில் ஆடப்படுவது கோழிகளுக்காகப் பாதியாக்கப்பட்ட அந்த வட்டத்தின் வாரிசுதான். பக்கத்து வீட்டுக்காரரை உத்தேசித்துக் குறைத்துக்கொண்டதால் எந்த ஆட்டமும் கெட்டுப்போவதில்லை.

ஆட்சேபணைகள் இல்லாமல் இல்லை. துப்பாக்கி விளையாட்டுப் பொருளா என்று கேட்கலாம். அந்த நாட்டில் துப்பாக்கியால் நடக்கிற அநியாயங்களை நாம் படிக்காமல் இல்லை. அதனால்தானோ என்னவோ, மைதானத்தில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. தன் இடத்தில் நிற்கும்போதுதான் தோட்டா போடலாம். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கியை இடுப்பில் மடித்துத் திறந்தபடியே கொண்டுபோக வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று எதிரே வருகிற எல்லாருக்கும் தெரிய வேண்டும். கும்பிடுகிற கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கலாம் என்று வள்ளுவர் எச்சரித்தார். இங்கே ஆயுதம் பகிரங்கமாக இருக்கிறது. திறந்து கிடக்கும் குழலே கும்பிடு போலிருக்கிறது. "தோட்டா போட்ட துப்பாக்கியோடு நிற்கிற நாலு பேருக்கு நடுவில் நான் பயமில்லாமல் நிற்கிறேன். சிநேகம் என்று நான் சொல்வது இதைத்தான்" என்றார் நண்பர். கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சீட்டாடுகிற சிநேகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டாவில் 28 கிராம் ரவை என்று வைத்துக்கொண்டால், நூறு தட்டுக்கு ஒரு மனிதன் 2 கிலோ 800 கிராம் ஈயத்தை மண்ணில் இறைக்கிறான். அது விஷம். புறாவைக் காப்பாற்றியாயிற்று என்று திருப்திப்பட்டுக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இது பணச் செலவுள்ள ஆட்டமும்கூட. நம் நாட்டில் இதில் பேர் பெற்றவர்களில் அரச வம்சத்தினர் சிலர் இருப்பது தற்செயல் அல்ல.

அவர்களில் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். பிகானீர் மகாராஜா கர்ணி சிங், 1960-லிருந்து 1980-க்குள் ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் தட்டுச் சுட்டவர். 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் 1960-ல் ரோமில் எட்டாவதாக வந்தார். பதக்கம் ஒருமுறையும் கிட்டவில்லை. மாஸ்கோவில் கடைசியாக இறங்கியபோது அவருக்கு வயது 56. நம் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமானும் 2024-ல் பாரிஸில் இதே ஆட்டத்தில் இறங்கிப் பதக்கமில்லாமல் திரும்பியவர்தான். இவர்கள் வேடிக்கைக்காகப் போனவர்கள் அல்ல, ஜெயிப்பதற்கே போனவர்கள். ஆனால், பதக்கம் ஒன்றே நோக்கமாக இருக்கிறவன் இருபது வருஷம் கழித்தும் திரும்பி வந்து நிற்பானா? தட்டு உடைகிற அந்த நொடி, பதக்கத்தை எதிர்பாராமலே தன் கூலியைக் கொடுத்துவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

'வேடிக்கைக்காக' என்ற சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜெயிக்கப் போவதில்லை என்பதற்காக ஒருவன் அலட்சியமாக நின்று, பேசிக்கொண்டு, தன் முறையைத் தாமதித்தால், மற்ற நாலு பேரின் தாளமும் கெட்டுப்போகும். ஐந்து பேரும் ஒரே லயத்தில் சுட வேண்டிய ஆட்டம் அது. ஆகையால் சிநேகத்துக்காக வருகிறவன்தான் அதிகச் சிரத்தையோடு சுட வேண்டும். ஒவ்வொரு தட்டையும் உடைத்தே தீர வேண்டும் என்று அவன் நினைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் தவற வேண்டும் என்று மட்டும் நினைக்கக்கூடாது. இந்த இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியுமா என்றால், முடியும். ஏனென்றால் அவனவன் தட்டு அவனவனுக்குத்தான் பறந்து வருகிறது. நான் உடைக்கும் தட்டு எதுவும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்தது அல்ல.

ஒரு வேலை காலியாகி அதற்கு நூறு பேர் மனுப் போட்டால், ஒருவனுக்குக் கிடைத்தது மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்குப் போயிற்று. அங்கே போய், பக்கத்தில் நிற்பவனை நேசி என்று நான் உபதேசம் செய்யமாட்டேன். வயிற்றுப் பிரச்னைக்கு உபதேசம் பதிலாகாது. ஆனால், வாழ்க்கையில் எல்லாமே காலி வேலையைப் போன்றவை அல்ல. படிப்பு, பாட்டு, நல்ல பேர், அன்பு எல்லாம் தட்டைச் சேர்ந்தவை. என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் ஒரு நல்ல கதை எழுதிவிட்டால் என் கதையில் ஓர் எழுத்துக்கூடக் குறைந்துபோவதில்லை. ஆயினும் எழுதுகிறவர்கள் நாங்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில், ஏதோ குறைந்துபோன மாதிரிதான் பேச்சு நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் நூறு வாங்கினால் நம் பையனின் எண்பது அறுபதாகத் தெரிகிறது. தட்டுகளை வேலைகளாக நினைத்துக்கொண்டு, நாம் ஒருவர் விரலை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆட்டத்தில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டாம். துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி இருக்கும். அதைப் பார்க்காதே, தட்டைப் பார் என்பார்கள். மணியைப் பார்த்த கணத்தில் கை நின்றுவிடும், தட்டு தப்பித்துவிடும். எண்ணிக்கையைப் பற்றி நினைக்கிறவனுக்கும் அதே கதிதான் என்று நண்பர் சொன்னார். எழுபத்தைந்தைத் தாண்டப் போகிறோம் என்ற நினைப்பு வந்த நாளெல்லாம் அவருக்கு எழுபதுக்குக் கீழேதான் வந்திருக்கிறது.

"அப்படியானால் ஒரு நாள் நீ நினைக்காமல் இருந்து ஜெயித்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"அரை கஜம் பின்னால் போய் நிற்பேன்" என்றார்.